பெயர் மூன்று, இன்ஜின் ஒன்று

சுசுகியின் குவாட்ஸ்போர்ட் இசட்400, காவசாகியின் கேஎஃப்எக்ஸ்400, ஆர்க்டிக் கேட்டின் டிவிஎக்ஸ்400. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மூன்று ஏடிவிகள் இவை. சுசுகி தன் மஞ்சளில் வந்தது, காவசாகி தன் பச்சையில் வந்தது. பெயரும் ஸ்டிக்கரும் கடையும் வேறு வேறு. ஆனால் விளம்பரக் கையேட்டின் படங்களைத் தாண்டி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் தொழில்நுட்ப அட்டவணைக்குப் போனால் மூன்றிலும் ஒரே இரண்டு எண்கள் இருக்கும்: சிலிண்டர் துளையின் விட்டம் 90 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 62.6 மி.மீ.

இந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விட்டம் 9 செ.மீ. என்றால் ஆரம் 4.5. அதன் வர்க்கத்தைப் பையால் பெருக்கினால் பிஸ்டன் முகப்பின் பரப்பு 63.6 சதுர செ.மீ. அதை 6.26 செ.மீ. ஓட்டத்தால் பெருக்கினால் 398 கன செ.மீ. கடைக்காரர் '400 சிசி' என்று சொல்வது இதைத்தான். இதே கொள்ளளவை 85க்கு 70 மி.மீ. என்று வைத்தும் எட்டலாம், 95க்கு 56 என்று வைத்தும் எட்டலாம். துளை அகன்று ஓட்டம் குறைந்தால் இன்ஜின் உயர்ந்த சுழற்சியில் பாயும். ஓட்டம் நீண்டால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த இன்ஜினை வடிவமைத்தவரின் முடிவு. மூன்று நிறுவனங்களின் பொறியாளர்கள் தனித்தனியே உட்கார்ந்து தசமப் புள்ளி வரை ஒரே முடிவுக்கு வருவது நடக்காத காரியம். மூன்றும் ஒரே இன்ஜின். செய்தது சுசுகி. அதே விட்டமும் ஓட்டமும் அந்த நிறுவனத்தின் டிஆர்-இசட்400 பைக்கில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருந்தன.

ஏடிவியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பைக்கைப் போலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டும் வண்டி. தடித்த, மென்மையான நான்கு டயர்கள். கார் டயரில் 30 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம் என்றால் இதில் 5 பிஎஸ்ஐ அளவில்தான் அடிப்பார்கள். டயர் தரையில் அகலமாகப் படிந்து பாரத்தைப் பரப்புவதால் சேற்றிலும் மணலிலும் பனியிலும் புதையாது. ஹோண்டா 1970-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபோது இதற்கு மூன்று சக்கரம்தான். 1980களின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சக்கரத்தைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து ஏராளமானோர், அதிலும் குழந்தைகள், உயிரிழந்த பிறகு 1988-இல் அமெரிக்க அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே நீதிமன்றம் வழியாக ஓர் உடன்பாடு ஏற்பட்டு அவற்றின் விற்பனை நின்றது.

அந்த நாட்டில் இது வெறும் விளையாட்டு வண்டி அல்ல. பண்ணையில் வேலி பார்க்கப் போகிறவர், மாடு ஓட்டுகிறவர், காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறவர் எல்லோருக்கும் தேவைப்படுகிறது. சந்தை அவ்வளவு பெரிதாக இருந்ததால் எல்லா நிறுவனங்களும் அதில் தங்கள் பெயரில் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்று விரும்பின. ஆனால் ஒவ்வொரு வகை வண்டியையும் சொந்தமாகச் செய்யும் வசதி எல்லோருக்கும் இல்லை. பெயர் மாற்றும் வழக்கம் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

2001-இல் சுசுகியும் காவசாகியும் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் கைகோப்பதாக அறிவித்தன. காவசாகியிடம் வேகமாக ஓடும் 400 சிசி ஏடிவி இல்லை. சுசுகியிடம் இரண்டு சிலிண்டர் வி-இன்ஜின் பூட்டிய பெரிய வேலை ஏடிவி இல்லை. ஆகவே சுசுகியின் இசட்400, காவசாகியின் கேஎஃப்எக்ஸ்400 ஆனது. பதிலுக்குக் காவசாகியின் பிரெய்ரி 700, சுசுகியின் கடைகளில் ட்வின் பீக்ஸ் என்ற பெயரில் நின்றது. பைக்குகளிலும் இதே பரிமாற்றம். சுசுகியின் வி-ஸ்ட்ரோம் 1000, காவசாகியின் கேஎல்வி1000 ஆனது. காவசாகியின் சிறுவர் பந்தய பைக் கேஎக்ஸ்65, சுசுகியின் ஆர்எம்65 ஆனது. ஆர்க்டிக் கேட்டுக்கு வந்த வழி வேறு. மினசோட்டாவில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பனிச்சறுக்கு வண்டி செய்துவந்த நிறுவனம் அது. பனி விழும் சில மாதங்களை மட்டும் நம்பித் தொழிற்சாலை நடத்த முடியாது என்பதால் 1990களின் நடுவில் ஏடிவிக்கு வந்தது. அதன் பனி வண்டிகளுக்குப் பல்லாண்டுகளாக இன்ஜின் கொடுத்தது சுசுகி. ஆர்க்டிக் கேட்டின் பங்குகளும் சுசுகியிடம் இருந்தன. அந்த உறவில் போனதுதான் டிவிஎக்ஸ்400.

இதில் ஏமாற்று இருக்கிறதா என்று கேட்கும் முன், ஓர் இன்ஜினைப் புதிதாகச் செய்ய என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்ஜினின் கீழ்ப்பகுதியில் கிராங்க் தண்டையும் கியர்களையும் தாங்கி நிற்கும் அலுமினியக் கூடு கிராங்க் கேஸ். பெரும்பாலும் அதை டை-காஸ்டிங் முறையில் வார்க்கிறார்கள். கிட்டத்தட்ட 650, 700 டிகிரி வெப்பத்தில் உருகிய அலுமினியக் கலவையைப் பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் நொடிக்கும் குறைவான நேரத்தில் செலுத்துவார்கள். அச்சு இரண்டாகப் பிரிந்து துண்டைக் கழற்றித் தரும். அடுத்த வார்ப்புக்கு மீண்டும் மூடும். இந்த அச்சைச் செய்வதுதான் பெரிய வேலை. வெப்பத்தைத் தாங்கும் தனி எஃகில், குளிர்நீர் ஓடும் துளைகளுடன், அலுமினியம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவுக்குப் பெரிதாகக் குடைய வேண்டும். நீர்த்துளை ஓரிடத்தில் தவறினால் அங்கே உலோகம் தாமதமாக இறுகி உள்ளே நுண்குழிகள் விழும். பிறகு அந்தக் கூடு எண்ணெய் கசியும். சரியாக அமைந்த அச்சு ஒரு லட்சம் முறைக்கு மேலும் வார்க்கும். பத்தாயிரம் துண்டோடு நிறுத்தினாலும் அதன் விலை குறையாது. ஓர் இன்ஜினுக்கு இப்படிப் பல அச்சுகள். அதற்குப் பின்னால் துளையிடும் எந்திரங்களின் பிடிப்பான்கள், சோதனை மேடைகள், நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் நீடிப்புச் சோதனை, புகைக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ்.

கணக்குக்காக இவையெல்லாம் சேர்ந்து 30 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் வண்டி விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 30 ஆயிரம் ரூபாய் ஏறும். இரண்டு நிறுவனங்கள் கூடச் சேர்ந்து முப்பதாயிரம் வண்டி விற்றால் அது 10 ஆயிரமாக இறங்கும். ஒரு பொருளில்கூடத் தரம் குறையாமல் இறங்கிய விலை இது.

இன்னொரு ஆதாயமும் உண்டு, அது கணக்குப் புத்தகத்தில் உடனே தெரியாது. 1936-இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர், விமானத் தொழிற்சாலைகளில் ஓர் ஒழுங்கைக் கண்டு எழுதினார். இதுவரை செய்த மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கை பழகுகிறது, எந்த இடத்தில் பிழை வருகிறது என்று தெரிகிறது, வேலையின் வரிசை திருந்துகிறது. தொழிலுக்குத் தொழில் வேகம் மாறினாலும் போக்கு ஒன்றுதான். மூன்று பெயருக்கும் ஒரே வரிசையில் வண்டி செய்தால் இந்தப் பழக்கம் மூன்று மடங்கு வேகத்தில் சேர்கிறது.

நிறம் மாற்றுவது இதற்கு நேரெதிராக மலிவு. காரின் தகடு போல ஏடிவியின் மட்கார்டுக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. கல்லும் முள்ளும் உரசும் இடம் அது; பெயின்ட் ஒரு வாரம் தாங்காது. பாலிஎதிலீன் போன்ற வளையும் பிளாஸ்டிக்கில், நிறத் துகளைக் குருணையோடு சேர்த்தே உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். கீறினாலும் உள்ளே அதே நிறம்தான் தெரியும். மஞ்சள் துகளுக்குப் பதில் பச்சைத் துகளைக் கலந்தால் அதே அச்சிலிருந்து வேறொரு நிறுவனத்தின் வண்டி வெளியே வரும். பிறகு ஸ்டிக்கர், இருக்கை உறை, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பெயர். கோடிகளை விழுங்கும் இன்ஜினும் சட்டகமும் கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன. வாங்குபவர் முதலில் பார்க்கும் நிறமும் பெயரும் மாற்றுவதற்கு மிக எளிதானவை. பெயர் மாற்றும் தொழிலின் மொத்த இயக்கமும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

டிராக்டர் நிறுவனங்கள் இதற்குள் வந்த காரணம் வேறு. ஜான் டீருக்குத் தொழில்நுட்பம் புதிதல்ல, பணமும் குறைவில்லை. ஆனால் அதன் டீலரிடம் டிராக்டர் வாங்க வரும் விவசாயி, ஏடிவிக்காக எதிர்க்கடைக்குப் போகிறார். போனவர் அங்கேயே மற்றதையும் வாங்கிவிடக்கூடும். அதற்காக ஜான் டீர், கனடாவின் பாம்பார்டியரிடம் செய்து வாங்கி, பச்சை நிறத்தில் 'பக்' என்ற ஏடிவியை 2004 மாடலாகக் கொண்டுவந்தது. மாசி ஃபெர்குசன் பெயரில் விற்றவை ஆர்க்டிக் கேட் செய்தவை. பாப்கேட் நிறுவனத்தின் 3400 என்ற பண்ணை வண்டிக்கு அடிப்படை போலாரிஸின் ரேஞ்சர். மீன்பிடி, வேட்டைப் பொருட்கள் விற்கும் பாஸ் ப்ரோ ஷாப்ஸ் 2019-இல் 'டிராக்கர்' என்ற பெயரில் ஏடிவி விற்கத் தொடங்கியபோது, அதைச் செய்தது ஆர்க்டிக் கேட்டை 2017-இல் வாங்கியிருந்த டெக்ஸ்ட்ரான்.

முழு வண்டியை வாங்காமல் இன்ஜினை மட்டும் வாங்குவது இன்னும் பழைய வழக்கம். அமெரிக்காவின் சொந்த ஏடிவி என்று பெருமையோடு 1985-இல் வந்த போலாரிஸ் நெடுங்காலம் நம்பியிருந்தது ஜப்பானின் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் இன்ஜின்களை. சுபாரு கார் செய்யும் அதே நிறுவனம். பின்னால் வந்த போலாரிஸ் அவுட்லா 525 பந்தய வண்டிக்குள் இருந்தது ஆஸ்திரியாவின் கேடிஎம் இன்ஜின்.

குழந்தைகளுக்கான ஏடிவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே 70 சிசி வரை, பதினாறு வயதுக்குக் கீழே 90 சிசி வரை என்று அமெரிக்காவில் 1988 உடன்பாட்டுக்குப் பின் வரம்பு வைத்தார்கள். இவ்வளவு சிறிய வண்டிக்கு மினசோட்டாவில் தனி இன்ஜின் செய்வது கட்டுபடியாகாது. ஆனால் தைவானுக்கு அது கைவந்த வேலை. அந்தத் தீவு முழுக்க ஓடுவது ஸ்கூட்டர். 50, 90 சிசி இன்ஜினும், கியர் மாற்றத் தேவையில்லாத பெல்ட் அமைப்பும் அங்கே லட்சக்கணக்கில் உருவாகின்றன. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். இன்ஜின் வேகம் கூடக்கூட முன்கப்பிக்குள் இருக்கும் உருளைகள் மையவிலக்கு விசையால் வெளியே நகர்ந்து கப்பியின் பக்கங்களை நெருக்கும், பெல்ட் மேலேறும், கியர் விகிதம் தானாக மாறும். நம் ஊர் ஸ்கூட்டிக்குள் இருப்பதும் இதுதான். ஆர்க்டிக் கேட்டின் சிறுவர் வண்டிகளைச் செய்து தந்தது தைவானின் கிம்கோ. 1960களில் ஹோண்டாவுக்கு உதிரி பாகம் செய்து தொழில் கற்றுக்கொண்ட நிறுவனம் அது. பிற்காலத்தில் பிஎம்டபிள்யூவின் பெரிய ஸ்கூட்டருக்கே இன்ஜின் கொடுக்கும் இடத்துக்கு வளர்ந்தது. பெயரில்லாமல் பிறருக்குச் செய்துகொடுப்பவர் எப்போதும் அப்படியே இருந்துவிடுவதில்லை என்பதற்குக் கிம்கோவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த இடத்தில் சீனா நிற்கிறது. சோங்சிங் நகரின் ஹைசன் நிறுவனம் செய்த வண்டிகள் அமெரிக்காவில் மாசிமோ, பென்ச், கப் கேடெட் என்று பல பெயர்களில் விற்றிருக்கின்றன. ஒரே தொழிற்சாலையின் வண்டிதானே, எந்தப் பெயரில் வாங்கினால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். பெரிய வேறுபாடு இருக்கிறது. உத்தரவாதம் எத்தனை மாதம், பக்கத்து ஊரில் மெக்கானிக் இருக்கிறாரா, மூன்று வருடம் கழித்து கார்புரேட்டர் கிடைக்குமா, பிரேக்கில் குறை என்று தெரிந்தால் யார் கடிதம் எழுதித் திரும்ப அழைப்பார்கள் என்பதெல்லாம் பெயருக்குரியவரின் கையில் இருக்கிறது. ஆகவே பெயர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டிக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை அது சொல்கிறது. செய்தவர் யார் என்பதை அது சொல்வதில்லை. என் வருத்தம் இந்த இரண்டாவதில்தான்.

ஏனென்றால் இன்ஜின் பொதுவானால் குறையும் பொதுவாகிறது. ஜப்பானின் டகாட்டா செய்த காற்றுப்பைகளில் கோளாறு என்று தெரிந்தபோது அமெரிக்காவில் 19 கார் நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. தன் கார் வேறு பெயர் என்பதால் தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஏடிவி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். பக்கத்துக் கடையில் வேறு பெயரில் விற்ற வண்டி திரும்ப அழைக்கப்படும்போது, தன் வண்டியும் அதே வார்ப்பு என்று தெரிந்தால்தான் அவர் எச்சரிக்கையாக இருக்க முடியும்.

தெரிந்துகொள்ள வழி உண்டா? கொஞ்சம் உண்டு. சட்டகத்தில் பொறித்திருக்கும் 17 இலக்க அடையாள எண்ணின் முதல் எழுத்துகள் நாட்டையும் நிறுவனத்தையும் சொல்லும். ஜே என்றால் ஜப்பான், எல் என்றால் சீனா, ஆர்எஃப் என்றால் தைவான், எம்ஏ முதல் எம்இ வரை இந்தியா. பத்தாவது இடம் மாடல் ஆண்டு, பதினொன்றாவது தொழிற்சாலை. ஒன்பதாவது இடம் ஒரு காவல் இலக்கம். எழுத்துகளை எல்லாம் எண்களாக்கி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே இருக்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ். பதினேழு இடத்திலும் 1 என்று எழுதிப் பாருங்கள். எடைகளின் கூட்டுத்தொகை 89, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்பதாவது இடத்திலும் 1 இருப்பதால் அந்த எண் சோதனையில் தேறிவிடும். ஆனால் முதல் மூன்று இலக்கங்கள் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டவை. வண்டி வேறொருவரின் தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் அங்கே விற்பவரின் குறியீடே இருக்கலாம். ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது.

உதிரி பாகக் கடைதான் உண்மையைச் சொல்லும் இடம். காவசாகியின் பாகப் பட்டியலில் கேஎஃப்எக்ஸ்400-இன் பக்கங்களைத் திறந்தால் பல எண்களின் பின்பாதி எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். சுசுகியிடமிருந்து வந்த பாகம் என்பதற்கான அடையாளம் அது. தனியார் நிறுவனங்கள் விற்கும் பிஸ்டன் பெட்டியில் ஒளிவுமறைவே இல்லை. இசட்400, கேஎஃப்எக்ஸ்400, டிவிஎக்ஸ்400 என்று மூன்று பெயரையும் ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள். நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவதை மெக்கானிக்குகள் என்றைக்கோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்குபவருக்கு இது காசாகும் அறிவு. பெயர் பெற்ற வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்காமல் அதே இன்ஜினை வேறு பெயரில் குறைந்த விலைக்கு வாங்கலாம். பாகத்துக்கும் மூன்று கடையில் விலை கேட்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொழில் அந்நியம் அல்ல. ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் பிறந்தது சென்னைக்கு அருகே ஒரகடத்தில், ஒரே ஆலையில். 2013-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி பிஎம்டபிள்யூவின் ஜி310 பைக்குகளை ஓசூரில் டிவிஎஸ் செய்கிறது. டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர்310-க்குள் இருப்பதும் அதே இன்ஜின் குடும்பம். இரண்டிலும் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்னாலிருந்து வெளியே வரும். பெரும்பாலான பைக்குகளில் இது நேர்மாறாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் பைக்கின் உருவமும் ஓட்டும் விதமும் வேறு. யார் செய்தது என்பதை இரண்டு நிறுவனங்களும் மறைக்கவில்லை. பகிர்ந்து செய்வதில் வெட்கப்பட ஏதும் இல்லை என்பதை ஓசூர் காட்டியிருக்கிறது.

பகிர்வு பொறியியலுக்கு நல்லது, விலைக்கு நல்லது, தொழிலாளியின் கைப்பழக்கத்துக்கும் நல்லது. மறைப்பதால் வாங்குபவருக்கு ஒரு நன்மையும் இல்லை. மருந்துப் பட்டையில் விற்பவர் பெயரோடு தயாரித்தவர் பெயரும் முகவரியும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. வண்டியின் தகட்டிலும், விற்பவர் பெயருக்குக் கீழே, இன்ஜினைச் செய்தவர் பெயரும் செய்த ஊரும் பொறிக்கப்பட வேண்டும். அந்த நாள் வரும்வரை, வண்டி வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். பிறகு டீலரிடம், இந்த இன்ஜினை வேறு எந்தப் பெயரில் விற்கிறார்கள், பாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.